பணி முடிந்த ஆம்புலன்ஸா, பேனல் வேனா, ஹைலக்ஸா? கோலாலம்பூரிலிருந்து காட்டுப்பாதைக்குப் போக ஒரு கேம்பர் வண்டி

பணி முடிந்த ஆம்புலன்ஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்து, காட்டுப்பாதையில் போகக்கூடிய, உள்ளேயே படுத்துத் தங்கக்கூடிய கேம்பர் வண்டியாக மாற்றிக்கொள்ளும் எண்ணம், வார இறுதிகளில் கோலாலம்பூரை விட்டு வெளியேறத் துடிக்கும் பலருக்கும் ஒரு கட்டத்தில் வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தில் தவறில்லை. உயர்ந்த கூரை, கழுவக்கூடிய சுவர், வலுவான ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது), இரண்டாவது பேட்டரி, பின்புறக் குளிர்சாதனம், ஒழுங்காகக் கம்பி இழுக்கப்பட்ட விளக்குகள் ஆகியவை ஏற்கெனவே பொருத்தப்பட்ட ஒரு வண்டி, வெறும் கூடாக இருக்கும் வேனைக் காட்டிலும் பாதி வேலை முடிந்ததாகவே தோன்றும். ஆனால் எந்தப் பாதி முடிந்திருக்கிறது, எந்தப் பாதி இன்னும் தொடங்கவே இல்லை என்பதைப் பார்க்காமல் யாரும் பணத்தைக் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன்: டோயோட்டா ஹைஏஸ் வகையைச் சேர்ந்த பணி முடிந்த ஆம்புலன்ஸ், அதே வகையைச் சேர்ந்த, பின்புறம் சன்னலும் இருக்கையும் இல்லாத சாதாரணப் பேனல் வேன், ஹைலக்ஸ் போன்ற நான்கு சக்கர இயக்கமுள்ள பிக்கப் வண்டியின் மேல் கூரைக் கூடாரம். நான்கு சக்கர இயக்கமுள்ள ஆம்புலன்ஸ் என்று ஒன்றும் உண்டு. ஆனால் தீபகற்பத்தில் அது விற்பனைக்கு வருவது அரிது என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகிறவர்கள் இரண்டு பேர் என்றால், நீங்கள் வழக்கமாகத் தங்கும் இடத்தின் கடைசி சில கிலோமீட்டர் தோட்டத்துச் செம்மண் சாலை என்றால், வண்டியின் கிரான் (பதிவுச் சான்றிதழ்) சுத்தமாக இருந்தால், ஆம்புலன்ஸே சிறந்த தேர்வு. ஆற்றுக்குள் இறங்கி ஏற வேண்டியிருந்தாலோ, மழைக்காலத்தில் வெட்டுமர லோரிகள் போகும் பாதையில் ஏற வேண்டியிருந்தாலோ, ஹைலக்ஸைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பேனல் வேன், தச்சு வேலையும் மின் வேலையும் தெரிந்து, எல்லாவற்றையும் தம் விருப்பப்படி முதலிலிருந்து கட்ட விரும்புகிறவர்களுக்கு உரியது.

காணொளிகளில் பார்ப்பது வேறு வண்டி

ஆம்புலன்ஸ் கேம்பர் என்று இணையத்தில் நாம் பார்க்கும் வண்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்கே ஆம்புலன்ஸ்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். லோரியின் சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் தனிப் பெட்டி பொருத்தியது முதல் வகை, வேனையே உள்ளே மாற்றியமைத்தது இரண்டாம் வகை, வேனின் முன்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் பெட்டி பொருத்தியது மூன்றாம் வகை. காணொளிகளில் மலையேறுவது பெரும்பாலும் முதல் வகையும் மூன்றாம் வகையும்தான். அந்தப் பெட்டி அலுமினியத்தால் ஆனது. பழைய சேசிஸ் தேய்ந்துபோனால் பெட்டியைக் கழற்றி வேறு சேசிஸ் மேல் வைத்துக்கொள்ளவும் முடியும்.

நம் நாட்டுச் சாலைகளில் ஓடுபவை பெரும்பாலும் இரண்டாம் வகை. ஹைஏஸ், நிசான் அர்வான், ஃபோர்ட் டிரான்சிட், மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் போன்ற வேன்களின் உடலே ஆம்புலன்ஸின் உடல். கழற்றி எடுத்து நான்கு சக்கர இயக்கமுள்ள சேசிஸ் மேல் வைப்பதற்கு அங்கே தனிப் பெட்டி எதுவும் இல்லை. ஆகவே, அமெரிக்கர் ஒருவர் தம் வண்டியில் செய்ததை நாமும் செய்யலாம் என்று கணக்குப் போட்டால், அந்தக் கணக்கு முதல் வரியிலேயே பிழையாகிவிடும். நாம் வாங்கப்போவது உயரமான கூரையும் நல்ல உள்ளமைப்பும் கொண்ட, பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் ஒரு வேன்.

நான்கு சக்கர இயக்கமுள்ள ஆம்புலன்ஸைத் தேடிப் போகிறவர்களுக்கு இரண்டு பெயர்கள் கண்ணில் படும். ஒன்று, லேண்ட் குரூசர் 70 வரிசையின் நீண்ட உடல் கொண்ட 78, 4.2 லிட்டர் 1எச்இசட் டீசல் எஞ்சினுடன் உலகின் கடினமான பகுதிகள் பலவற்றில் மருத்துவ வண்டியாக ஓடுவது. அது நல்ல நிலையில் கிடைத்தால் இந்தக் கட்டுரையின் மற்றப் பகுதிகளைப் படிக்கவே தேவையில்லை. ஆனால் அப்படிப்பட்ட வண்டியை வைத்திருப்பவர் எளிதில் விற்க மாட்டார். மற்றொன்று, ஜப்பானில் ஹைஏஸை அடிப்படையாகக் கொண்டு டோயோட்டாவே கட்டும் ஹைமெடிக், 2.7 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சக்கர இயக்கத்துடனும் வரும். ஆனால் அதை இங்கே கொண்டுவர ஏ.பி. எனப்படும் இறக்குமதி அனுமதி வேண்டும். மேலும், ஹைஏஸின் நான்கு சக்கர இயக்கம் பனிபெய்யும் தார்ச்சாலைக்கு ஏற்றதே தவிர, அதில் லோ கியர் கிடையாது. வழுக்கும் களிமண் மேட்டில் மெதுவாக ஏற உதவுவது அந்த லோ கியர்தான்.

இரும்பைப் பார்க்குமுன் கிரானைப் பாருங்கள்

வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் டயரை உதைக்கிறார்கள், பிறகு எஞ்சினைத் திறக்கிறார்கள், கடைசியில்தான் கிரானைக் கேட்கிறார்கள். ஆம்புலன்ஸைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

அரசாங்க ஆம்புலன்ஸ்கள் டெண்டர் அல்லது ஏலம் வழியாகக் கழிக்கப்படுகின்றன. அவற்றில் சில பதிவோடு விற்கப்படும். சில வெறும் பழைய இரும்பாகவே விற்கப்படும். பழைய இரும்பாக விற்கப்பட்டது எவ்வளவு நன்றாக ஓடினாலும் சாலைக்குத் திரும்புவதற்கான வண்டி அல்ல. அதன் உள்ளமைப்பையும் மின்பொருள்களையும் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் வாங்கலாம். ஏல அறிவிப்பில் விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் இந்த வேறுபாட்டைப் படித்துவிட்டே கையைத் தூக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் அறவாரியங்களும் விற்கும் ஆம்புலன்ஸ்களில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அவை வரிவிலக்குப் பெற்று வாங்கப்பட்டவையா, அப்படியானால் விற்கும்போது கட்ட வேண்டிய வரி தீர்க்கப்பட்டுவிட்டதா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பதிவுள்ள வண்டி கிடைத்த பிறகு, பெயர் மாற்றத்துக்கு வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமில் பி5 பரிசோதனை நடக்கும். அதற்கு முன்பே சுழல்விளக்கு, சைரன், கண்ணாடியில் பார்த்துப் படிப்பதற்காக முன்பக்கம் இடவலமாகத் திருப்பி எழுதப்பட்ட எழுத்துகள், பளபளக்கும் பட்டைகள் எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும். இவற்றை அப்படியே வைத்துக்கொண்டு சாலையில் போவது சட்டத்தை மீறுவது மட்டுமல்ல. உண்மையான ஆம்புலன்ஸுக்கு மக்கள் வழிவிடும் நம்பிக்கையையே அது கெடுத்துவிடும். நிறம் கிரானில் பதியப்படும் விவரம் என்பதால், வண்ணம் மாற்றினால் அதையும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும். பட்டைகளைச் சூடுகாற்று இயந்திரத்தால் உரித்தாலே போதும் என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் வெயிலில் பல ஆண்டுகள் நின்ற வண்டியின் வண்ணம் சுற்றிலும் வெளுத்திருக்க, பட்டைக்குக் கீழே இருந்த பகுதி மட்டும் புதிதாகவே இருக்கும். உரித்த பிறகும் எழுத்துகள் நிழலாகத் தெரியும். ஆகவே முழு வண்ணப்பூச்சுக்கான செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வதுதான் சரி.

அடுத்து வருவதுதான் பெரிய படி. கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி, நிரந்தரமாகப் பொருத்திய அடுப்பு, புதிய சன்னல், மாற்றியமைத்த இருக்கை ஆகியவை சேர்ந்தால் அது உள்ளலங்காரம் அல்ல, வாகனத்தின் அமைப்பு மாற்றம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அதற்கு இலாகாவின் ஒப்புதல் வேண்டும். புத்ராஜெயாவில் உள்ள தலைமையகத்தின் வாகனப் பொறியியல் பிரிவிடம் வரைபடத்தோடு முன்கூட்டியே பேசிவிட்டு, அவர்கள் ஏற்றுக்கொள்ளும் வடிவத்தில் கட்டுவதே அறிவுடைமை. கட்டி முடித்துவிட்டு ஒப்புதல் கேட்கப் போனால், பிரித்துவிட்டு வா என்பதே பதிலாக இருக்கக்கூடும். காப்புறுதி நிறுவனத்திடமும் மாற்றங்களைத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காத மாற்றம் இழப்பீடு கேட்கும் நாளில் எதிராக நிற்கும். இவ்வளவு பழைய, மாற்றியமைத்த வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம் என்பதால், கையில் ரொக்கம் இல்லாதவர்கள் ஆம்புலன்ஸ் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

பேனல் வேனுக்கும் இதே ஒப்புதல் வேலை உண்டு. கூடுதலாக, அது சரக்கு வாகனமாகப் பதிவானது என்பதால் பின்புறத்தில் ஆள் ஏற்றிப் போவதற்கு இருக்கையும் சன்னலும் வைக்க நினைத்தால் வகை மாற்றமே தேவைப்படும். ஹைலக்ஸ் இந்த வகையில் மிக எளிது. கூரைக் கூடாரம் கழற்றி வைக்கக்கூடிய சுமை. வண்டியின் பதிவு அப்படியே இருக்கும். பின்தட்டின் மேல் பொருத்தும் கேனப்பிக்கு விதிகள் உண்டு, பொருத்துமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். இருந்தாலும் மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் அலைச்சல் மிகக் குறைவு.

ஓட்டமானி சொல்லாத உழைப்பு

ஆம்புலன்ஸ் குறைந்த கிலோமீட்டரே ஓடியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது முழு உண்மை அல்ல. மருத்துவமனை வாசலிலும் விபத்து நடந்த இடத்திலும் குளிர்சாதனத்துக்காக வண்டி நின்றபடியே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். வண்டி நின்றபடி எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடுவதை ஏறத்தாழ 40 முதல் 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கிடுவது பெரிய வாகனத் தொகுதிகளை நிர்வகிப்பவர்களின் வழக்கம். செந்தூலில் எனக்குப் பழக்கமான பட்டறை ஃபோர்மன் இதைச் சுருக்கமாகச் சொல்வார்: "கிலோமீட்டரப் பாக்காதீங்கண்ணே, எண்ணெய் ஊத்துற மூடியத் தொறந்து பாருங்க." எஞ்சின் எண்ணெய் மூடியின் உட்புறத்தில் தார்போல் கரி படிந்திருந்தால், அந்த வண்டியைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை என்பது அவருடைய கருத்து.

அவர் சொல்வதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. 2004க்குப் பிந்தைய ஹைஏஸ்களில் உள்ள 2.5 லிட்டர் 2கேடி டீசல் எஞ்சினிலும் அதன் மூத்த சகோதரமான 3.0 லிட்டர் 1கேடி எஞ்சினிலும் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் செம்பு வாஷர் கசிந்தால், எரிந்த வாயு எண்ணெய்க்குள் இறங்கிக் கரியாகி, எண்ணெயை உறிஞ்சும் வடிகட்டியை அடைத்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரியும்போது எஞ்சின் ஏற்கெனவே எண்ணெயின்றிக் காய்ந்துகொண்டிருக்கும். ஆகவே வாங்கியவுடன் இன்ஜெக்டர் வாஷர்களை மாற்றி, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி வடிகட்டியைப் பார்த்துவிடுவது கட்டாயம். டைமிங் பெல்ட்டும் எப்போது மாற்றப்பட்டது என்ற சான்று இல்லையென்றால் மாற்றிவிட வேண்டும். புதிய ஹைலக்ஸ்களில் உள்ள ஜிடி வரிசை எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

உடலில் துருவைத் தேடும்போது ஆம்புலன்ஸுக்கென்றே இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, கூரையில் சுழல்விளக்கு பூட்டியிருந்த துளைகள். விளக்கைக் கழற்றிய பிறகு பசை தடவி மூடியிருப்பார்கள், அடுத்த பெருமழையில் அது ஒழுகும். மற்றொன்று தரை. மேலே ஒட்டில்லாத ஒற்றை வினைல் விரிப்பு அழகாக இருக்கும். ஆனால் தள்ளுகட்டில் ஓடும் தண்டவாளத்தை இறுக்கிய போல்ட்டுகளின் வழியாக, ஒவ்வொரு முறை கழுவும்போதும் தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும். தண்டவாளத்தின் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தரை பஞ்சுபோல் உள்வாங்கினால் கீழே உள்ள பிளைவுட் ஊறிப்போய்விட்டது என்று பொருள். விரிப்பைப் பிரித்தே ஆக வேண்டும்.

பிரிக்கும்போது தடித்த கையுறை அணியாமல் கைவைக்காதீர்கள். அலமாரிகளுக்குப் பின்னாலும் இருக்கைக்கு அடியிலும் ஊசி மூடிகளும், சில வேளைகளில் ஊசிகளுமே சிக்கியிருக்கும். விரலால் துழாவக் கூடாது; விளக்கடித்து இடுக்கியால் எடுத்து, கடினமான பிளாஸ்டிக் குப்பியில் போட்டு, கிளினிக் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். பிறகு கிருமிநாசினியால் முழுமையாகத் துடைத்த பின்னரே தச்சர் உள்ளே வரலாம். உயிர்வாயுக் குழாய்களைத் துண்டித்து அப்படியே விடாமல் முழுவதும் கழற்றிவிடுவது நல்லது.

இரவில் உள்ளே எப்படி இருக்கும்

இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பனி நாடுகளில் கேம்பர் கட்டுகிறவர்கள் குளிரைத் தடுப்பதைப் பற்றியே எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு நாம் சுவர் முழுவதும் கனமான பஞ்சை அடைத்தால், ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நம் ஊரில் எதிரி, இரவு 2 மணிக்கும் இறங்காத வெக்கையும் ஈரமும்தான். அதற்கு மருந்து காற்றோட்டம்.

ஆம்புலன்ஸோ மூடிய சம்புடம் போன்றது. அது குளிர்சாதனம் ஓடும் நிலையில், நோயாளியை வெளிப்பார்வையிலிருந்து மறைத்துக் கொண்டுபோகக் கட்டப்பட்டது. சன்னல்கள் குறைவு, பல திறக்கவே திறக்காது. எஞ்சினை நிறுத்திவிட்டால் பின்புறக் குளிர்சாதனமும் நின்றுவிடும். பேட்டரியில் குளிர்சாதனம் ஓட்டலாமே என்றால், சிறிய இயந்திரமே 500 வாட்டுக்கு மேல் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு நான்கு கிலோவாட் மணி வேண்டும், அது சாதாரணக் கேம்பரின் மொத்தச் சேமிப்பையும் விழுங்கிவிடும். ஆகவே ஆம்புலன்ஸை வாங்குகிறவர் முதலில் செலவழிக்க வேண்டியது கட்டிலுக்கோ அலமாரிக்கோ அல்ல: கூரையில் காற்றை வெளியே இழுக்கும் பெரிய விசிறி ஒன்றும், எதிரெதிர்ப் பக்கங்களில் கொசுவலையுடன் திறக்கும் இரண்டு சன்னல்களும்தான். கூரையில் ஏற்கெனவே காற்றுப்போக்கி இருந்தால், அதன் துளையிலேயே விசிறியைப் பொருத்திக்கொள்ளலாம். புதிதாக வெட்ட வேண்டியிராது.

பேனல் வேனும் இதே மூடிய உடல்தான். ஆனால் சுவர்கள் வெறுமையாக இருப்பதால் சன்னலை விரும்பிய இடத்தில் வெட்டலாம். ஆம்புலன்ஸில் சுவர்ப்பலகைக்குப் பின்னால் ஓடும் கம்பிக்கட்டுகளைத் தேடி விலக்கிவிட்டே வெட்ட வேண்டும். கூரைக் கூடாரம் இந்த விஷயத்தில் இரண்டையும் வென்றுவிடுகிறது. நான்கு புறமும் வலை, தரையிலிருந்து உயரம், வீசும் காற்று எல்லாம் உடம்பில் படும். ஆனால் பலத்த மழையில் துணியைச் சாத்திவிட்டால் அங்கேயும் புழுக்கம்தான். அதைவிட முக்கியமானது, காலையில் ஈரத்தோடு மடித்த கூடாரத்தை வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காயவைக்க வேண்டும் என்பது. தரைவீட்டில் இருப்பவருக்கு அது பொருட்டல்ல. அடுக்குமாடியில், வாகன நிறுத்துமிடத்தில் கூடாரத்தை விரிக்க எந்த நிர்வாகம் அனுமதிக்கும்? ஈரத்தோடு மடித்த கூடாரம் சில நாள்களிலேயே கரும்புள்ளி பிடித்து நாறத் தொடங்கும்.

எந்த வண்டியாக இருந்தாலும் வெக்கைக்கு நாம் தேடக்கூடிய உண்மையான தீர்வு உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும். சுமார் 1,400 மீட்டரில் உள்ள தானா ராத்தாவிலும், கேமரன் மலையை ஒட்டிய லோஜிங் பக்கத்திலும், மலைக் குளிரில் ஆம்புலன்ஸின் மூடிய உடலே ஒரு வசதியாகிவிடும். தாழ்வான ஆற்றங்கரைகளையே விரும்புகிறவர்களுக்குக் கூடாரம் இதமாக இருக்கும்.

மின்சாரம்

இதில் ஆம்புலன்ஸுக்குத்தான் முதலிடம். அதிக மின்சுமை தாங்கும் ஆல்டர்னேட்டர், உருகிப்பெட்டி, எண்ணிட்ட கம்பிகள், இன்வெர்ட்டர், வெளியிலிருந்து மின்சாரம் செருகும் இடம் ஆகியவற்றைப் புதிதாகப் பொருத்த ஒரு மின்வல்லுநருக்குக் கொடுக்கும் கூலி சிறியதல்ல. பழைய ஈயப் பேட்டரியை மட்டும் மாற்றிவிடலாம். கணக்கு இப்படி வரும்: சிறிய கம்ப்ரசர் குளிர்பெட்டி நம் வெயிலில் நாளுக்கு 500 வாட் மணி எடுக்கும், கூரை விசிறி இரவு முழுவதும் ஓட 250, விளக்கும் கைப்பேசிகளும் 100, ஆக 850 வாட் மணி. 200 ஆம்பியர் மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 2,560 வாட் மணி இருக்கும். மூன்று நாள் தாங்கும். அதே அளவு ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் ஒன்றரை நாளைக்கே வரும், எடையும் இரண்டு மடங்குக்கு மேல். மதியத்துக்குப் பின் மேகம் சூழும் நம் வானத்தில் 200 வாட் சோலார் பேனல் நாளுக்கு 600 வாட் மணி கொடுத்தால் நல்லது என்று எண்ணிக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைக்காமல், இடையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி–டிசி சார்ஜர் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும்.

கடைசிக் கிலோமீட்டர்கள்

நம் நாட்டில் சாலை இல்லாத சாலை என்பது பாறையோ மணலோ அல்ல, செம்மண் களி. காய்ந்திருக்கும்போது சாதாரணக் கார் போகும் அதே மேடு, அரை மணி நேர மழைக்குப் பின் சோப்புத் தடவியதுபோல் ஆகிவிடும். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டங்களுக்குள் போகும் செம்பனைச் சாலைகள், பழக்குலை ஏற்றும் லோரிகளுக்காக அடிக்கடி சமன்செய்யப்படுபவை. நல்ல ஆல்–டெரெய்ன் டயரும், ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றொன்றுக்கு விசை போகச் செய்யும் லிமிடெட் ஸ்லிப்பைப் பின் டிஃபரன்ஷியலிலும் பொருத்திய ஹைஏஸ், பின்சக்கரங்களின் மேல் கேம்பரின் சுமையும் இருக்கும் நிலையில், அவற்றில் தாராளமாகப் போகும். ஜண்டா பாய்க், உலு லங்காட், மெராப்போ போன்ற பகுதிகளில் குடும்பங்கள் தங்கும் முகாம் தளங்கள் பலவற்றுக்கு அவ்வளவே போதும்.

வெட்டுமரப் பாதை அப்படியல்ல. நீண்ட உடல் கொண்ட ஹைஏஸின் முன்பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 3,110 மில்லிமீட்டர், ஹைலக்ஸுக்கு 3,085. எண்கள் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஹைலக்ஸின் வயிறு தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது, அதற்கு நான்கு சக்கர இயக்கமும் லோ கியரும் உண்டு. ஹைஏஸ் ஆம்புலன்ஸோ பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்ட உடலையும் படிக்கட்டையும் இழுத்துக்கொண்டு, ஓடைக்கரையில் ஏறும்போது முதலில் படிக்கட்டைத் தரையில் உரசும். ஆஸ்திரேலியாவில் ஹைஏஸை முழுமையான நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றித் தரும் பட்டறைகள் உண்டு. பழைய ஆம்புலன்ஸின் விலையைவிட அதிகம் செலவாகும் அந்த வேலையை இங்கே செய்து, அதற்கு இலாகாவின் ஒப்புதலும் பெறுவதைவிட, ஒரு ஹைலக்ஸ் வாங்கிவிடலாம். வனக்காப்புப் பகுதிக்குள் போக மாநில வனத்துறையின் அனுமதியும் வேண்டும் என்பதை எந்த வண்டிக்காரரும் மறக்கக் கூடாது.

எடையையும் பாருங்கள். 18 மில்லிமீட்டர் பிளைவுட் முழுப்பலகை ஒன்று 30 கிலோவுக்கு மேல். 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ. ஆம்புலன்ஸில் கழற்றும் பொருள்களின் எடையை முதலில் எடுத்துக் குறித்துக்கொண்டு, அதற்குள்ளேயே கட்டுமானத்தை முடிப்பது பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் நல்லது. ஹைலக்ஸில் 60 கிலோ கூடாரமும் அதற்குள் இரண்டு பேரும் கூரையில் இருப்பது வேறு கவலை: நிற்கும்போது தாங்கும் எடை வேறு, ஓடும்போது தாங்கும் எடை வேறு. கேனப்பி தயாரிப்பாளர் தரும் இரண்டு எண்களையும் கேளுங்கள்.

பாதுகாப்பில் ஒரு வேறுபாடு உண்டு, அதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். 2022 டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் பத்தாங் காலி அருகே முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். சரிவுக்குக் கீழே தங்கினால் எந்த வண்டியும் காப்பாற்றாது. இடத் தேர்வுதான் முதல் பாதுகாப்பு. ஆனால் ஆற்றில் மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயிர் என்று சொல்லும் திடீர் நீர்ப்பெருக்கு வரும் அறிகுறி தெரிந்தாலோ, கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலைப் பகுதியில் யானை நெருங்கினாலோ, வண்டிக்குள் படுத்திருப்பவர் எழுந்து சாவியைத் திருப்பினால் போதும். கூரைக் கூடாரத்தில் இருப்பவர் ஏணியில் இறங்கி, நனைந்த துணியை மடித்துக் கட்டிய பிறகே வண்டியை எடுக்க முடியும். ஆம்புலன்ஸின் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தடுப்புச்சுவர் இருந்தால், அதில் ஆள் நுழையும் வழியை வெட்டிவிட வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகவே. சமையலை மட்டும் எந்த வண்டியிலும் உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும், மூடிய உடலில் கார்பன் மோனாக்சைடும் சேரும்.

நிறுத்துவதும் ஓட்டுவதும்

நீண்ட, உயர்ந்த கூரை கொண்ட ஹைஏஸின் உயரம் 2,285 மில்லிமீட்டர். கோலாலம்பூரின் பேரங்காடிகளிலும் அடுக்குமாடிகளிலும் நிலத்தடி நிறுத்துமிடங்களின் உயரக் கட்டுப்பாடு பெரும்பாலும் இதற்கு இடம் கொடுக்காது. கூடாரம் ஏற்றிய ஹைலக்ஸும் எல்லைக்கு அருகில்தான் நிற்கும். ஆனால் கூடாரத்தை இறக்கிவிடலாம். திறந்தவெளியில் நிறுத்த இடமில்லாதவர், ஆம்புலன்ஸுக்கு மாத வாடகை இடம் தேட வேண்டும். டீசல் செலவும் முன்புபோல் இல்லை: 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் பொது மானியம் நீக்கப்பட்டபோது லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. மூன்று வண்டிகளும் டீசலே என்பதால் இது தேர்வை மாற்றாது. ஆனால் ஆண்டுக்கு எத்தனை முறை உண்மையில் போவோம் என்ற கேள்வியை ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வைக்கும்.

பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மட்டும் என் பரிந்துரை வேறு. ஆம்புலன்ஸின் பின்புறத்தில் பக்கவாட்டாகப் பார்த்திருக்கும் உதவியாளர் இருக்கை, மருத்துவப் பணிக்காக வைக்கப்பட்டது. அதில் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கையை முறையாகப் பூட்ட முடியாது. கட்டிலில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டுவதை எண்ணிப் பார்க்கவே கூடாது. முன்னோக்கிய, மூன்றுமுனை வார் உள்ள இருக்கைகளைப் பின்னால் பொருத்தி ஒப்புதல் பெறுவது நீண்ட வேலை. நான்கு கதவு ஹைலக்ஸின் பின்னிருக்கையில் அவை தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. ஆகவே, இரண்டு பிள்ளைகளோடு போகிறவர்கள் சமன்செய்த தோட்டச் சாலைக்கு மட்டுமே போவதாக இருந்தாலும், ஹைலக்ஸை எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் கூரைக் கூடாரத்திலும் பிள்ளைகள் அதன் கீழே இணைக்கும் அறையிலும் படுக்கும் அமைப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால், பெரியவர்களில் ஒருவரும் கீழே அவர்களோடு படுத்துக்கொள்ள வேண்டும்.